எத்தியோப்பியச் சாப்பாடு: முதல்முறை உட்காருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எத்தியோப்பிய உணவகத்துக்கு முதல்முறை போகிறவர்கள் முடிந்தால் புதன்கிழமையோ வெள்ளிக்கிழமையோ போங்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினருக்கு அந்த இரண்டு நாளும் நோன்பு. இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. பருப்பும் கீரையும் காய்கறியும்தான் அன்றைய சமையல். ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெருநோன்பு மட்டும் 55 நாள். எல்லா நோன்புகளையும் கூட்டினால் சாதாரண மக்களுக்கே ஆண்டில் சுமார் 180 நாள் வரும். நூற்றாண்டுகளாக ஆண்டில் பாதி நாள் இப்படிச் சமைத்துச் சமைத்துத் தேறிய கை அது. அங்கே சைவச் சாப்பாடு, இறைச்சி சாப்பிடாதவருக்கு ஒப்புக்கு வைக்கிற மூலைத்தட்டு அல்ல. எத்தியோப்பியச் சமையலின் சிறந்த பாதி அதுதான் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஒரு சின்ன விவரம்: ஈஸ்டர் முடிந்த அடுத்த 50 நாள்களில் புதன், வெள்ளி நோன்பு கிடையாது. அப்போது போனாலும் நோன்புத் தட்டு பெரும்பாலான கடைகளில் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

எதைச் சொல்வது

முதல் நாள் ஒரே ஒரு பெயரை நினைவில் வைத்தால் போதும்: பெயாய்நெத்து. ஒரு பெரிய வட்டத் தட்டு நிறைய இஞ்செரா என்ற அப்பத்தை விரித்து, அதன்மேல் ஏழெட்டு வகைக் குழம்பும் பொரியலும் சிறுசிறு குவியலாக வைத்துத் தருவார்கள். நோன்புத் தட்டுதான் வேண்டும் என்றால் 'யெட்சோம் பெயாய்நெத்து' என்று கேளுங்கள்.

தட்டில் என்னென்ன வரும்? சிவப்பாக, காரமாக இருப்பது மிசிர் வொட். நம் மைசூர்ப் பருப்பில் செய்தது. மஞ்சளாக, சாந்தமாக இருப்பது கிக் அலிச்சா, பட்டாணிப் பருப்பு. கரும்பச்சையாக இருப்பது கோமென் கீரை. முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு சேர்ந்த மஞ்சள் கூட்டு ஒன்று, பீட்ரூட் ஒன்று, பீன்ஸ் கேரட் ஒன்று, பச்சை மிளகாய் கிள்ளிப்போட்ட தக்காளிப் பச்சடி ஒன்று. நடுவில் பெரும்பாலும் ஷிரோ இருக்கும். வறுத்த கொண்டைக்கடலை மாவையோ பட்டாணி மாவையோ மசாலாவோடு கரைத்துக் கொதிக்கவைத்த குழம்பு அது. மண்சட்டியில் கெட்டியாகக் கொதித்தபடியே வருவதற்கு ஷிரோ தெகாபினோ என்று பெயர். தட்டோடு தனியாக அதையும் ஒன்று வாங்குங்கள், வீண்போகாது.

சைவர்கள் கவனிக்க வேண்டியது மூன்று. உணவின் பெயரில் 'ஸிகா' என்று வந்தால் இறைச்சி. 'போஸெனா ஷிரோ' என்பது இறைச்சித் துண்டு போட்ட ஷிரோ. நோன்பு நாள் தட்டில் சில கடைகள் மீன் வைப்பதுண்டு, சொல்லி விலக்கிவிடுங்கள். பாலும் வேண்டாம் என்பவர்கள், நோன்பு இல்லாத நாளில் பருப்பிலேயே மசாலா நெய் ஊற்றியிருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அடிஸ் அபாபாவுக்கே போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது. நமக்குக் காலை ஏழு மணி, அவர்களுக்கு ஒரு மணி. "ஏழு மணிக்குச் சாப்பிட வாருங்கள்" என்று ஒருவர் அழைத்தால் பகல் ஒரு மணியா, இரவு ஏழு மணியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இஞ்செராவோடு பழகுவது

முதல்முறை சாப்பிட்டுவிட்டு "எனக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இஞ்செராவிடம்தான் தோற்றுப்போகிறார்கள். பார்வைக்குப் பெரிய ஊத்தப்பம்போல இருப்பதால், தோசையை எதிர்பார்த்து வாயில் வைத்துவிடுகிறார்கள். இது மொறுமொறுக்காது. சூடாகவும் வராது. பஞ்சுபோல மெத்தென்று, ஆறிப்போய், நல்ல புளிப்போடு இருக்கும். ஆறியிருப்பது குறை இல்லை. சுட்ட சூட்டில் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஆறவைத்துத்தான் அடுக்குவார்கள், மடிப்பார்கள்.

அது டெஃப் என்ற தானியத்தில் ஆவது. உலகத்தில் உணவுக்காகப் பயிரிடும் தானியங்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று. ஒரு கோதுமை மணியின் எடைக்கு ஏறத்தாழ 150 டெஃப் மணி வேண்டும். இவ்வளவு சிறியதைத் தவிடு நீக்கித் தீட்ட முடியாது, முழுசாகவே அரைத்தாக வேண்டும். அதனால்தான் இரும்பும் நார்ச்சத்தும் அதில் அப்படியே நிற்கின்றன. வெள்ளை டெஃப்புக்கு விலை அதிகம், மரியாதையும் அதிகம். சிவப்பு டெஃப் மலிவு. வாசனையில் அதுதான் ஒருபடி மேல் என்பேன்.

மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்க விடுவார்கள். மேலே மஞ்சள் நிறத்தில் தெளிந்து நிற்கும் நீருக்கு எர்ஷோ என்று பெயர். அதில் கொஞ்சத்தை எடுத்துவைத்து அடுத்த மாவுக்கு உறையாக ஊற்றுவார்கள். பிறகு மாவில் ஒரு கரண்டி எடுத்துக் கொதிநீரில் கஞ்சியாகக் காய்ச்சி மறுபடி மாவிலேயே கலப்பார்கள். இதற்கு அப்சித் என்று பெயர். கோதுமை மாவை இழுபடவைக்கிற குளுட்டன் என்ற புரதம் டெஃப்பில் இல்லை. இழுவிசை கொடுப்பது இந்தக் கஞ்சிதான். அப்சித்தை விட்டுவிட்டால் அப்பம் வெடிக்கும், மடிக்கும்போது உடையும்.

சுடுவதைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். மிதாத் என்னும் அகலமான மண்கல்லில் மாவை வெளி விளிம்பிலிருந்து சுருள் சுருளாக உள்நோக்கி ஊற்றுவார்கள். சில நொடி எதுவும் நடக்காது. பிறகு ஓரத்திலிருந்து குமிழ்கள் ஒவ்வொன்றாக வெடித்துத் துளையாகத் திறந்துகொண்டே நடுவுக்கு வரும். முகம் முழுக்கத் துளை விழுந்ததும் மூடி போடுவார்கள். திருப்பிப் போடுவதே இல்லை. ஆவியில் மேல்பக்கம் வெந்து ஓரம் தானாகக் கல்லைவிட்டுத் தூக்கும். நல்ல இஞ்செராவுக்கு அடையாளம் இந்தத் துளைகள்தாம்: நெருக்கமாக, ஒரே அளவில், மேற்பரப்பு முழுவதும் இருக்க வேண்டும். குழம்பு போய் உட்காருவது அந்தத் துளைகளில்தான்.

இப்போது சாப்பிடுகிற விதம். வெறும் இஞ்செராவைப் பிய்த்து ருசி பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். ஒரு துண்டில் முதலில் சாந்தமான கிக் அலிச்சாவை எடுங்கள். அடுத்து மிசிர் வொட். அடுத்து ஷிரோ. பருப்பின் இனிப்பையும் மிளகாயின் காரத்தையும் எண்ணெயின் கனத்தையும் அந்தப் புளிப்பு ஒவ்வொரு வாயிலும் வெட்டிக்கொண்டே வருவது மூன்றாம் நான்காம் வாயில் தெரிந்துவிடும். நம் சாப்பாட்டில் புளி குழம்புக்குள் இருக்கிறது, சோறு சாதுவாக இருக்கிறது. அங்கே புளிப்பு அப்பத்தில், குழம்பில் புளியே இல்லை. இந்த ஒரு மாற்றத்தை நாக்கு பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனம்: வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் டெஃப்போடு கோதுமையோ பார்லியோ கலக்கிறார்கள். முழு டெஃப்தானா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கையும் தட்டும்

கரண்டி, முட்கரண்டி கேட்காதீர்கள். தமிழருக்கு இதில் கற்க வேண்டியது குறைவுதான். வலக்கை மட்டும். இஞ்செராவில் உள்ளங்கை அளவு கிழித்து, அதை மூன்று விரலால் குழம்பின்மேல் கவிழ்த்துக் கிள்ளி எடுத்து, மூடிய கவளமாக வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். விரல்நுனியில் குழம்பு படாமல் எடுப்பது திறமை என்று மதிப்பார்கள். நாம் பிசைவதுபோல இங்கே பிசைவது கிடையாது, விரலை நக்குவதும் கூடாது.

ஒரே தட்டில் எல்லாரும் சாப்பிடுவார்கள். உங்கள் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து எடுங்கள். எதிராளியின் பக்கம் கை நீட்டுவது அழகல்ல. கிழிப்பதற்குத் தனியாகச் சுருட்டிவைத்த இஞ்செரா வரும், அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். அடியில் விரித்ததைக் கடைசிக்கு விடுங்கள். எல்லாக் குழம்பும் ஊறி இறங்கியிருக்கும் அந்த அடி அப்பம்தான் சாப்பாட்டின் உச்சம். அதைத் தொடாமல் எழுந்துபோகிற புதியவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

வீட்டு விருந்தானால் ஒருவர் கவளம் உருட்டி உங்கள் வாயில் ஊட்டக்கூடும். இது குர்ஷா, அன்பும் மரியாதையும் காட்டுகிற வழி. வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பது மனத்தை நோகடிக்கும். நீங்களும் திருப்பி ஊட்டலாம், மகிழ்ந்துபோவார்கள். கவளம் பெரிதாக இருந்தால் அன்பும் பெரிது, அதனால் தயாராக இருங்கள். வயிறு நிறைந்தால் "பெக்கா" என்று சொல்லுங்கள். முதல் தடவை யாரும் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

சிவப்பா, மஞ்சளா

பெயர் தெரியாத உணவுப் பட்டியலைப் படிக்க ஒரு வழி உண்டு. 'வொட்' என்றால் பெர்பெரே என்ற மிளகாய் மசாலாப்பொடி சேர்ந்த காரக் குழம்பு. 'அலிச்சா' என்றால் மிளகாய்ப்பொடி இல்லாமல் மஞ்சளும் இஞ்சியும் சேர்த்த சாந்தமான குழம்பு. 'திப்ஸ்' என்றால் வதக்கிய இறைச்சி. 'ஃபிர்ஃபிர்' என்றால் இஞ்செராவைப் பிய்த்துக் குழம்பில் பிரட்டியது. குழந்தைகளுக்கும் காரம் ஆகாதவர்களுக்கும் அலிச்சா வகையைச் சொல்லுங்கள்.

பெர்பெரே என்பது சிவந்த மிளகாயோடு பூண்டு, இஞ்சி, வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், கொரரிமா எல்லாம் காயவைத்து இடித்த பொடி. கொரரிமா எத்தியோப்பியாவின் காட்டு ஏலக்காய், நம்முடையதைவிடப் பெரியது, கொஞ்சம் புகைவாசனை அடிக்கும். காரமும் வாசனையும் நமக்குப் பழக்கமானவைதாம். ஆனால் கறிவேப்பிலை இல்லை, தேங்காய் இல்லை, தாளிப்பு இல்லை. பிறகு எங்கிருந்து அந்த ஆழம் வருகிறது?

வெங்காயத்திலிருந்து. பொடியாக நறுக்கிய சிவப்பு வெங்காயத்தை எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லாமல் சட்டியில் போட்டு, மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே இருப்பார்கள். முதலில் நீர் விடும், பிறகு நீர் வற்றும், பிடிக்கும்போது ஒரு கை தண்ணீர் தெளிப்பார்கள். வெங்காயம் உருத்தெரியாமல் குழைந்து பழுப்பான பிறகுதான் எண்ணெயோ நெய்யோ உள்ளே போகும். அதற்குப் பின் பெர்பெரே. இந்த அடித்தளத்துக்குக் குலெத் என்று பெயர். அவசரப்பட்டு எண்ணெயை முதலிலேயே ஊற்றினால் வெங்காயம் வறுபட்டுத் தனித்தனியாக நிற்கும், குழம்பு கூடாது. கெட்டிப்படுத்த மாவோ தேங்காயோ போடாத குழம்புக்கு அடர்த்தி கொடுப்பது இந்தப் பொறுமை ஒன்றுதான்.

அடுத்த முறை: இறைச்சி

அசைவர்கள் இரண்டாம் முறை டோரோ வொட் சொல்லுங்கள். கோழியும் முழு முட்டையும் போட்டு, வெங்காயத்தை மணிக்கணக்கில் குழைத்துச் செய்கிற கரும்சிவப்புக் குழம்பு. ஈஸ்டர், ஜனவரி 7-இல் வரும் கிறிஸ்துமஸ், செப்டம்பர் 11-இல் வரும் புத்தாண்டு, இந்த நாள்களில் இது இல்லாத வீடு குறைவு. கோழியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டுவது மரபு. எலுமிச்சையும் உப்பும் போட்டு நீர் தெளியும்வரை கழுவிக்கொண்டே இருப்பார்கள். இதை முதல் நாளே சொல்ல வேண்டாம் என்பதற்குக் காரணம், இதன் கனத்தில் மற்றவற்றின் ருசி அடங்கிப்போகும்.

கிட்ஃபோ என்பது கொத்திய மாட்டிறைச்சியில் மசாலா நெய்யும் மித்மிதா என்ற சுள்ளென்ற மிளகாய்ப்பொடியும் கலந்தது. குராகே மக்களின் உணவு. பச்சையாகவே பரிமாறுவது வழக்கம். பச்சை மாட்டிறைச்சியில் நாடாப்புழு வரும் ஆபத்து உண்டு. புதியவர்கள் நன்றாக வேகவைத்தே கேட்டு வாங்குங்கள். லேசாகச் சூடுகாட்டினதற்கு லெப்லெப் என்று பெயர், ஆனால் அது முழுசாக வெந்தது ஆகாது. கூட வரும் ஆயிப் என்ற உதிர்த்த பாலாடைக்கட்டி காரத்தை அடக்கும்.

பன்றி இறைச்சியை அங்கே கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் தொடுவதில்லை. ஹலால் வேண்டும் என்றால் மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் இறைச்சிக் கடைகள் அங்கே தனித்தனி.

பக்கத்து நாடான எரித்ரியாவின் சமையலும் ஏறக்குறைய இதே குடும்பம், பெயர்கள் கொஞ்சம் மாறும். உணவுப் பட்டியலில் ஸ்பகெட்டியைக் கண்டு வியக்காதீர்கள்: இத்தாலி 1936 முதல் 1941 வரை எத்தியோப்பியாவை ஆக்கிரமித்திருந்தது, எரித்ரியாவில் அதற்கு முன்பே பல பத்தாண்டுகள் ஆண்டது.

காப்பிக்கு நேரம் ஒதுக்குங்கள்

அராபிகா காப்பிச்செடியின் தாயகம் எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகள். அங்கே காப்பி என்பது சாப்பாட்டுக்குப் பின் கிடைக்கிற ஒரு கோப்பை அல்ல, ஒரு மணி நேரச் சடங்கு. பச்சைக் கொட்டையைக் கழுவி, உங்கள் எதிரிலேயே வாணலியில் வறுப்பார்கள். கொட்டை கறுத்து எண்ணெய் பூத்ததும் புகையும் வாணலியை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவந்து காட்டுவார்கள். அப்போது கையால் புகையை முகத்தை நோக்கித் தள்ளி முகர்ந்து பாராட்ட வேண்டும், அது உங்கள் பங்கு. பிறகு இடித்து, ஜெபெனா என்னும் கழுத்து நீண்ட மண்கூஜாவில் காய்ச்சி, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். சாம்பிராணிப் புகை இருக்கும். கொறிக்கச் சோளப்பொரியோ கோலோ என்ற வறுத்த பார்லியோ வரும்.

அபோல், தோனா, பெரெக்கா என்று மூன்று சுற்று. அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் காய்ச்சுவதால் ஒவ்வொரு சுற்றும் இளகும். வீட்டு விருந்தில் முதல் கோப்பையோடு எழுந்துவிடாதீர்கள். மூன்றாவது ஆசி தருவது என்று நம்புகிறார்கள். பால் கேட்காமல் ஒருமுறை குடித்துப் பாருங்கள்.

மது அருந்துகிறவர்களுக்குத் தெஜ் என்ற தேன்மது உண்டு. இனிப்பை நம்பி ஏமாறாதீர்கள், ஏறும். மற்றவர்கள் ஆம்போ என்ற ஊர் ஊற்றின் பெயரால் விற்கும் நுரைக்கும் மினரல் தண்ணீர் கேட்கலாம்.

வீட்டில் தொடங்க ஒரு குழம்பு

பக்கத்தில் கடை இல்லாதவர்கள் மிசிர் வொட்டில் தொடங்குங்கள். எல்லாப் பொருளும் நம் மளிகைக் கடையிலேயே கிடைக்கும்.

முதலில் பொடி. காஷ்மீரி மிளகாய் 50 கிராம், வெந்தயம் அரை டீஸ்பூன், ஓமம் அரை டீஸ்பூன், கருஞ்சீரகம் அரை டீஸ்பூன், கொத்தமல்லி விதை ஒரு டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன், கிராம்பு 4, கருப்பு ஏலக்காய் 3, ஒரு சின்னத் துண்டு சுக்கு. இவற்றை மெல்லிய தீயில் தனித்தனியாக வாசனை வரும்வரை வறுத்து ஆறவைத்து நைசாகப் பொடியுங்கள். வெந்தயம் கருகினால் மொத்தமும் கசந்துவிடும், அதில் மட்டும் கண் வைத்திருங்கள். காற்றுப் புகாத பாட்டிலில் இரண்டு மூன்று மாதம் நிற்கும்.

பெரிய வெங்காயம் மூன்றைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் இல்லாமல் இருபது இருபத்தைந்து நிமிடம் குழையுங்கள். பிறகு கால் கப் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது. பச்சை வாசனை போனதும் இரண்டு மேசைக்கரண்டி பொடியைப் போட்டு, உடனே கால் கப் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் கிளறுங்கள். எண்ணெய் சிவந்து பிரியும். ஒரு கப் மைசூர்ப் பருப்பைக் கழுவிப் போட்டு, மூன்று கப் வெந்நீர் ஊற்றி, பருப்பு கரைந்து கரண்டியில் ஒட்டும் பதம்வரை வேகவிட்டு, உப்பைக் கடைசியில் சேருங்கள். குக்கர் வேண்டாம், குழம்பு தளர்ந்துவிடும்.

இஞ்செராவுக்கு டெஃப் மாவு இரண்டு கப், தண்ணீர் மூன்று கப் கரைத்து மூடிவையுங்கள். சுமார் 2,350 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த அடிஸ் அபாபாவில் மூன்று நாள் ஆவது சென்னை வெயிலில் ஒன்றரை நாளில் ஆகிவிடும், அதனால் நாளைப் பார்க்காமல் வாசனையைப் பாருங்கள். மேல்தண்ணீரை வடித்து, அரை கப் மாவை ஒரு கப் கொதிநீரில் கஞ்சியாக்கி ஆறவைத்துக் கலந்து, நுரைத்ததும் நான்ஸ்டிக் கல்லில் ஊற்றி மூடிச் சுடுங்கள். டெஃப் கிடைக்காவிட்டால் வெள்ளைச் சோள மாவு இரண்டு பங்கு, கோதுமை மாவு ஒரு பங்கு. சோளத்தில் இஞ்செரா சுடுவது எத்தியோப்பியாவிலேயே உள்ள வழக்கம்தான். நம் கேழ்வரகையும் கொஞ்சம் சேர்க்கலாம்; கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பிறந்த பயிர் அது, எத்தியோப்பியர்கள் தகுசா என்ற பெயரில் இன்றும் விதைக்கிறார்கள்.

முதல் இரண்டு மூன்று ஒட்டும், கிழியும். தூக்கிப் போடாதீர்கள். மறுநாள் காலை ஒரு வெங்காயத்தைக் குழைத்து, எண்ணெய், ஒரு டீஸ்பூன் பொடி, நறுக்கிய தக்காளி ஒன்று, அரை கப் தண்ணீர் விட்டுக் கொதித்ததும், கிழிந்த இஞ்செராவைப் பிய்த்துப் போட்டுப் பிரட்டி உடனே இறக்குங்கள். அதுதான் ஃபிர்ஃபிர், எத்தியோப்பியர்களின் காலைச் சாப்பாடு. மீந்த மிசிர் வொட் இருந்தால் தக்காளிக்குப் பதில் அதையே ஊற்றிக்கொள்ளலாம்.